விழித்திரைச் சிரையின் துடிப்பை வீடியோவில் அளப்பது எப்படி?

உடலில் எங்கும் கீறாமல் ரத்த நாளங்களை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அங்குள்ள நாளங்கள் (ரத்தம் கொண்டுவரும் தமனி, திருப்பிக் கொண்டுபோகும் சிரை) இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாக அசைகின்றன. அதை அளக்க ஸ்லிட் லாம்ப் (கண்ணை ஒளியிட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும் நுண்ணோக்கி), விழித்திரையைப் பார்க்க உதவும் 78டி அல்லது 90டி (டயாப்டர்) லென்ஸ், ஐபீஸில் பொருத்தும் அடாப்டரோடு ஒரு ஆண்ட்ராய்டு போன், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், இலவசமாகக் கிடைக்கும் ஃபிஜி (பட ஆய்வு), எஃப்எஃப்எம்பெக் (வீடியோவைப் பிரிக்க), லிப்ரே ஆபீஸ் (கணக்குப் போட) மென்பொருள்கள் இருந்தால் போதும். ஆப்டோமெட்ரி, உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களுக்கான விளக்கம் இது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைக் கண் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே போட வேண்டும். கண்ணின் உள்நீர் வடியும் முன்னறைக் கோணம் குறுகலான கண்ணில் அந்த மருந்து கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும்.

தமனியை விட்டுவிட்டுச் சிரையில் தொடங்குங்கள்

விழித்திரையைப் படமெடுக்கும் சாதாரண ஃபண்டஸ் கேமராவில் 45 பாகைப் பரப்பு 1920 பிக்சலில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் சுமார் 7 மைக்ரான். 120 மைக்ரான் அகலமுள்ள தமனி 17 பிக்சல்தான் வரும். அது 3 சதவீதம் விரிந்தாலும் மாற்றம் அரை பிக்சல். முதல் முயற்சியில் அது கைக்கு வராது.

பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டமான பார்வை நரம்புத் தட்டில் மையச் சிரை உள்ளே இறங்கும் இடம் வேறு மாதிரி. அங்கே சிரைக்குள் உள்ள அழுத்தம் கண் அழுத்தத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கண் அழுத்தமும் மூளைத் தண்டுவட நீரின் அழுத்தமும் இதயத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்போது சிரையின் மெல்லிய சுவர் தட்டையாகி மீள்கிறது. பலருக்கு இது வெறும் பார்வைக்கே தெரியும்.

வீடியோ எடுத்தல்

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். தாடையும் நெற்றியும் தாங்கியில் நன்றாகப் பதிய வேண்டும். ஸ்லிட் லாம்பில் 16 மடங்கு உருப்பெருக்கம், பச்சை வடிகட்டி. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் நாளம் கருமையாகத் தனித்துத் தெரியும். சிவப்பு ஒளியில் நாளமும் சுற்றுப்புறமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடும். பயன்படாத சிவப்பைக் கண்ணுக்குள் செலுத்தாமலிருப்பது பரிசோதனைக்கு உட்காருபவருக்கும் நிம்மதி.

போனில் எல்லாத் தானியங்கி வசதிகளையும் நிறுத்துங்கள். எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் நான்கும் பூட்டப்பட வேண்டும். தானியங்கி எக்ஸ்போஷர் நாம் தேடும் வெளிச்ச மாற்றத்தையே சரிசெய்து அழித்துவிடும். வீடியோ ஸ்டெபிலைசேஷனையும் அணையுங்கள், அது படத்தை வளைக்கும். வினாடிக்கு 30 பிரேம், ஷட்டர் 1/60, போன் தரும் மிக உயர்ந்த பிட்ரேட் (வினாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு). பிட்ரேட் குறைந்தால் வீடியோச் சுருக்கம் சிறிய மாற்றங்களை ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிடும்.

இமைக்காமல் 12 வினாடி கிடைத்தால் போதும். ஒரே மூச்சில் ஒரு நிமிடம் எடுக்க முயலாதீர்கள், கண் உலர்ந்து படம் மங்கும். இடையே இளைப்பாறவிட்டு நாலைந்து துண்டுகள் எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆக்சிமீட்டர் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் ஒலிப்பதிவிலேயே இருந்துவிடும்.

மங்கலான ஒளியில் சில போன்கள் சொல்லாமல் பிரேம் வேகத்தைக் குறைத்துவிடும். 11 வினாடிக்கு 330 பிரேம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

படத்தை நிலைநிறுத்தல்

எஃப்எஃப்எம்பெக் கொண்டு வீடியோவைத் தனித்தனிப் பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, ஃபிஜியில் ‘இமேஜ் சீக்வென்ஸ்’ ஆகத் திறக்கவும். நரம்புத் தட்டைச் சுற்றி 400 × 400 பிக்சல் வெட்டி, பச்சைச் சேனலை மட்டும் 8 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் முழு அளவில் 330 வண்ணப் படங்களைத் திறந்தால் நினைவகத்தில் 2.7 ஜிபி போய்விடும்.

அடுத்து, படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஸ்டேக்ரெக் செருகுநிரல், ‘ரிஜிட் பாடி’ (நகர்த்தவும் சுழற்றவும் மட்டும் செய்வது) தேர்வு. ‘அஃபைன்’ வேண்டாம், அது படத்தை இழுத்து நாளத்தின் அகலத்தையே மாற்றக்கூடும். ஸ்டேக்ரெக் ஒவ்வொரு படத்தையும் பக்கத்துப் படத்தோடு பொருத்துவதால் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் நடுவில் உள்ள தெளிவான பிரேமில் நின்றுகொண்டு இயக்குங்கள்.

எண்ணாக மாற்றுதல்

சிரை நன்றாகத் துடிக்கும் இடத்தில், அதன் அகலத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கட்டம் வரையுங்கள். ‘பிளாட் இசட்-ஆக்சிஸ் ப்ரொஃபைல்’ ஒவ்வொரு பிரேமின் சராசரி வெளிச்சத்தையும் தரும். பெரிய நாளமில்லாத அருகிலுள்ள இடத்திலும் அதே அளவு கட்டம் எடுத்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்கவும். கை நடுக்கத்தால் வந்த வெளிச்ச ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் இதில் நீங்கும். சிரை சுருங்கும்போது ரத்தம் குறைந்து வெளிச்சம் கூடும், ஆகவே வரைபடத்தின் மேடு என்பது சுருக்கம்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் 60 பிரேம் நகரும் சராசரியைக் கழித்து, நடுவிலுள்ள 256 பிரேமுக்கு ஃபூரியர் அனாலிசிஸ் (எந்த வேகத்தில் ஏற்றஇறக்கம் அதிகம் என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போடுங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 1.2 ஹெர்ட்ஸ் அருகே முகடு வர வேண்டும். 256 பிரேமில் கிடைக்கும் நுணுக்கம் 0.117 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 7 துடிப்பு. அவ்வளவு விலகல் இயல்பு. ஓரிரு பிரேமில் இமை குறுக்கிட்டிருந்தால் முன்பின் எண்களுக்கு நேர்கோடு போட்டு நிரப்பலாம். ஐந்துக்கு மேல் போனால் அந்தத் துண்டைக் கைவிடுங்கள்.

பொய்த் துடிப்பு

முகடு வந்ததும் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறவர்களே அதிகம், ஆனால் பாதி வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. தாங்கியில் பதிந்திருந்தாலும் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தலை இம்மியளவு அசையும். அந்த அசைவும் 1.2 ஹெர்ட்ஸ்தான்! ஸ்டேக்ரெக் விட்டுவைத்த மிச்ச அசைவு கட்டத்துக்குள் சிரையை நகர்த்தி, துடிப்பைப் போலவே தோன்றும்.

பிரித்தறிய எளிய வழி: சிரையின் இடது விளிம்பிலும் வலது விளிம்பிலும் தனித்தனியே குறுகலான கட்டம் போடுங்கள். உண்மையான சுருக்கத்தில் இரண்டு விளிம்பும் சேர்ந்தே வெளுக்கும். வெறும் அசைவு என்றால் ஒன்று வெளுக்கும்போது மற்றது கருக்கும்.

விளக்கையும் சோதியுங்கள். எல்இடி விளக்கின் ஒளியைக் குறைத்தால் அது வேகமாக அணைந்து எரியும். 241 ஹெர்ட்ஸில் எரிகிற விளக்கு 30 பிரேம் வீடியோவில் 1 ஹெர்ட்ஸ் துடிப்பாகத் தெரியும். அதே அமைப்பில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து அதே கணக்கைப் போடுங்கள். தாளுக்கும் துடிப்பு வந்தால் ஹாலோஜன் விளக்குக்கு மாறுங்கள்.

சிரைத் துடிப்பே தெரியாத கண்ணைப் பார்த்து நோய் என்று சொல்லிவிடாதீர்கள். ஆரோக்கியமானவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது தெரிவதில்லை. இரண்டு பேரின் துடிப்பு உயரத்தையும் நேராக ஒப்பிட முடியாது, ஏனென்றால் போன் வீடியோவில் வெளிச்ச அளவு நேர்விகிதத்தில் பதிவாவதில்லை. ஒரே கண்ணை, ஒரே போனில், ஒரே எக்ஸ்போஷரில், சிரையின் அதே இடத்தில் மறுபடி அளந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். இந்த நான்கையும் ஒவ்வொரு கோப்போடும் எழுதி வையுங்கள்.