நொண்டுனா நடிப்பு, ஜெயிச்சா லக்கு: குவார்ட்டர்பேக் சண்டையில நாம பண்ற தப்புங்க

2011 ஜனவரி 23ஆம் தேதி நான் ஜெர்சி சிட்டியில ஒரு சின்ன அப்பார்ட்மென்ட்ல, சோபாவுல கால நீட்டிக்கிட்டு, மடியில சிக்கன் விங்ஸ் தட்ட வச்சுக்கிட்டு, டிவில தெரிஞ்ச ஜே கட்லரைப் பாத்து பயந்தாங்கொள்ளின்னு கத்துனேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல சிகாகோ பேர்ஸுக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கும் மேட்ச், ஜெயிக்கிறவங்க சீசனோட இறுதி மேட்சான சூப்பர் பவுலுக்குப் போறாங்க. கட்லர்தான் பேர்ஸோட குவார்ட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு டீம நடத்துற ஆளு. செகண்ட் ஹாஃப்ல பந்து கைக்கு வந்த ஒரே ஒரு டிரைவ் ஆடிட்டு வெளிய வந்துட்டாரு. கேமரா திரும்பத் திரும்ப அவரையே காட்டுது, ஊன்றுகோல் இல்ல, ஐஸ் கட்டு இல்ல, சைடுலைன்ல எக்சர்சைஸ் சைக்கிள வேற மிதிச்சுப் பாக்குறாரு, மூஞ்சில வலி மாதிரி எதுவுமே தெரியல. பேர்ஸ் 21-14ன்னு தோத்தாங்க. அன்னைக்கே சிகாகோல ரசிகருங்க அவரோட ஜெர்சிய கொளுத்துனாங்க, மத்த டீம்ல ஆடுறவங்களே ட்விட்டர்ல கிண்டல் பண்ணாங்க. மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தா முட்டியில லிகமென்ட் கிழிஞ்சிருக்கு, எம்சிஎல், கிரேட் 2. அந்த ரிசல்ட் வந்தப்ப நான் ஆபீஸ் கேன்டீன்ல இருந்தேன், முந்தின நாள் என்கூட சேர்ந்து கத்துன அத்தன பேரும் அங்கதான் இருந்தோம், ஒருத்தனும் அந்தப் பேச்ச எடுக்கல.

எந்த குவார்ட்டர்பேக்குக்கு தில்லு இருக்கு, எவரு வெறும் லக்குல ஜெயிச்சாருன்னு ரசிகருங்க நாம போடற சண்டை இப்படித்தான் இருக்கு. அதனால பிப்ரவரியில சூப்பர் பவுல் பார்ட்டிக்குப் போறவங்க முதல்ல விட வேண்டிய பழக்கம் இந்த டிவி டாக்டர் வேலைதான். மூஞ்சியப் பாத்து வலிய அளக்க முடியாதுங்க. சில பேரு வலிச்சா மூஞ்சிய சுளிப்பாங்க, சில பேரு கல்லு மாதிரி நிப்பாங்க, கட்லர் ரெண்டாவது ரகம், நல்லா ஆடுற நாள்லயே அந்த மூஞ்சி அப்படித்தான் இருக்கும். அதே சீசன்ல அக்டோபர் 3ஆம் தேதி ஜயன்ட்ஸ் அவர ஃபர்ஸ்ட் ஹாஃப்ல மட்டும் 9 தடவ சாக் பண்ணாங்க, அதாவது பந்த எறியறதுக்கு முன்னாடியே புடிச்சு தரையில சாச்சிட்டாங்க, தலையில அடிபட்டு வெளிய போனாரு. அந்த வருஷம் முழுக்க 52 சாக். 52 தடவ கீழ விழுந்து எந்திரிச்சவரப் பாத்துத்தான் நான் விங்ஸ கடிச்சுக்கிட்டே தில்லு இல்லன்னு தீர்ப்பு சொல்லியிருக்கேன்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. 2002 ஜனவரி 27, பிட்ஸ்பர்க்ல ஏஎஃப்சி சாம்பியன்ஷிப், அதுவும் ஜெயிச்சா சூப்பர் பவுல்ங்கிற மேட்ச்தான், பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிராடிக்கு கணுக்கால்ல அடி, செகண்ட் குவார்ட்டர்லயே வெளிய போயிட்டாரு, திரும்பி வரல. பேக்கப் ட்ரூ பிளெட்சோ உள்ள வந்து டேவிட் பேட்டனுக்கு ஒரு டச்டவுன், அதாவது எதிரணியோட கடைசிக் கோட்டத் தாண்டி பந்த சேக்குற ஸ்கோர், எறிஞ்சாரு, பேட்ரியட்ஸ் 24-17ன்னு ஜெயிச்சாங்க. பிராடிய யாராவது பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்களா? ஜெர்சிய கொளுத்துனாங்களா? அடுத்த வாரம் அவரே சூப்பர் பவுல் ஆடி எம்விபி, அதாவது மேட்சோட சிறந்த ஆட்டக்காரர் விருத, வாங்கிட்டாரு, கதை முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேருமே சாம்பியன்ஷிப் மேட்ச்ல பாதியில வெளிய வந்தவங்க, ரெண்டு பேருக்கும் கால்லதான் அடி. ஒருத்தருக்குப் பின்னாடி வந்த பேக்கப் ஜெயிச்சுக் குடுத்தாரு, இன்னொருத்தருக்குப் பின்னாடி வந்தவங்களால முடியல, அவ்ளோதான் வித்தியாசம். அப்ப நாம தில்லுன்னு சொன்னது கட்லரோட தில்லையா, இல்ல பேர்ஸோட ரெண்டாவது, மூணாவது குவார்ட்டர்பேக்கோட ஆட்டத்தையா?

ஸ்கோர்போர்ட பாத்துட்டு பின்னாடி போய் ஆளுக்கு குணம் ஒட்டறதுதான் இந்த சண்டையில இருக்குற பெரிய தப்பு, மத்ததெல்லாம் இதோட குட்டிங்க.

இத நல்லா புரிஞ்சிக்க 2008 ஜனவரி 20 ஒரு நாள் போதும். அன்னைக்கு ரெண்டு சாம்பியன்ஷிப் மேட்ச். மொதல்ல பேட்ரியட்ஸ் ஊருல சார்ஜர்ஸ் ஆடுறாங்க, அவங்க குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸுக்கு முட்டியில ஏசிஎல்ங்கிற லிகமென்ட் கிழிஞ்சிருக்கு, அதே வாரம்தான் முட்டிக்குள்ள சின்ன ஆபரேஷன் முடிஞ்சது, மனுஷன் பிரேஸ கட்டிக்கிட்டு முழு மேட்சும் நின்னாரு. தோத்தாங்க, 21-12, டச்டவுன் ஒண்ணு கூட இல்ல, பந்த கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு மூணு மூணு பாயிண்டா எடுக்குற ஃபீல்ட் கோல்தான் நாலே நாலு. அதே டீம்ல லடேனியன் டாம்லின்சன், அந்தக் காலத்துல லீக்லயே பெரிய ரன்னிங் பேக், அவருக்கும் முட்டியில அடி, ரெண்டு மூணு பிளேக்கு மேல முடியல, பெரிய கோட்ட போத்திக்கிட்டு ஹெல்மெட்ட கழட்டாம கருப்பு வைசரோட பெஞ்சுல உக்காந்திருந்தாரு. ரிவர்ஸுக்கு வீரன்னு பேரு வந்துச்சு, டாம்லின்சன வருஷக்கணக்கா கிண்டல் பண்ணாங்க. ஒரு ஓரத்துல எனக்கு என்ன தோணுதுன்னா, குவார்ட்டர்பேக் ஒத்தக் கால்ல நின்னு கூட எறிஞ்சிடலாம், ஓடறதையே தொழிலா வச்சிருக்கவன் ஒத்தக் கால வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான், அந்த வித்தியாசத்த யாருமே கணக்குல எடுத்துக்கல.

சாயங்காலம் கிரீன் பேல ஜயன்ட்ஸ். குளிரு மைனஸ் 18 செல்சியஸ், காத்து வேற, கோச் டாம் காஃப்லின் மூஞ்சி மிளகாப்பழம் மாதிரி செவந்து போச்சு. அந்தக் குளிருல ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் 40 தடவ எறிஞ்சாரு, எதிரணி கையில போய் மாட்டுற இன்டர்செப்ஷன் ஒண்ணு கூட கிடையாது. அந்தப் பக்கம் பேக்கர்ஸோட பிரெட் ஃபாவ்ர், தில்லுக்கு அகராதியே அவர்தான், ரெகுலர் சீசன்ல ஒரு மேட்ச் விடாம தொடர்ந்து 297 ஸ்டார்ட் போட்டவரு. ஓவர்டைம் போச்சு, டாஸ் ஜெயிச்சது பேக்கர்ஸ்தான், அப்ப இருந்த ரூல் படி மொதல்ல ஸ்கோர் பண்றவன் ஜெயிச்சான், ஆக லக்கு முழுக்க ஃபாவ்ர் கையில. அவரு போட்ட பந்த ஜயன்ட்ஸோட கோரி வெப்ஸ்டர் புடிச்சுட்டாரு. முன்னாடி ரெண்டு ஃபீல்ட் கோல் விட்ட லாரன்ஸ் டைன்ஸ் 47 யார்டுலருந்து அடிச்சு 23-20ன்னு முடிச்சாரு. தொடர்ந்து ஆடுற அதே ஃபாவ்ர்தான் லீக்லயே அதிகமா, 336 இன்டர்செப்ஷன் போட்டவரும். பயப்படாம எறியற கைதான் அதையும் எறிஞ்சுச்சு, தில்லுன்னா எப்பவும் நல்லதுதான்னு நெனைக்கிறவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

இதுல ஈலையும் ரிவர்ஸும் 2004 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வரிசையா புது ஆளுங்கள எடுக்குறப்ப, மாத்திக்கிட்ட ஆளுங்க. சார்ஜர்ஸ் முதல் ஆளா ஈலைய எடுத்தாங்க, அவரு அங்க போகமாட்டேன்னு ஏற்கெனவே சொல்லிட்டாரு, ஜயன்ட்ஸ் நாலாவதா ரிவர்ஸ எடுத்து மாத்திக்கிட்டாங்க. ரிவர்ஸ் தொடர்ச்சியா 240 மேட்ச் ஸ்டார்ட் பண்ணாரு, ஈலை 210. தாக்குப்பிடிக்கிறதுல ரெண்டு பேரையும் கொறை சொல்ல முடியாது. சூப்பர் பவுல் ஜெயிச்சா கிடைக்கிற மோதிரம் ஈலைக்கு ரெண்டு, ரிவர்ஸுக்கு சைபர். மோதிரத்த எண்ணித்தான் தில்ல அளப்பேன்னா கிழிஞ்ச முட்டியோட ஆடுனவரு கடைசி பெஞ்சுக்குப் போயிடுவாரு, பரவாயில்லையா?

சரி, லக்குக்கு வருவோம், ஏன்னா பார்ட்டில சட்டைய புடிக்கிற சண்டை இங்கதான் நடக்கும்.

என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், மாஸ்டர்ஸ் மாசச்சூசெட்ஸ்ல படிச்சான், அதோட பேட்ரியட்ஸ் வெறியன் ஆயிட்டான். 2008 சூப்பர் பவுல பத்தி பேச ஆரம்பிச்சாலே "மச்சான், அது சுத்தமான லக்குடா"ம்பான். அவன் சொல்றது ஜயன்ட்ஸ்ல பந்து புடிக்கிற டேவிட் டைரியோட ஹெல்மெட் கேட்ச். பேட்ரியட்ஸ் அந்த சீசன் 18-0, ஒரு மேட்ச் தோக்கல, ஒரு நிமிஷம் 15 செகண்டு பாக்கி, 14-10ன்னு முன்னாடி இருக்காங்க. ஜயன்ட்ஸுக்கு தேர்ட் டவுன், அதாவது நாலு வாய்ப்புல மூணாவது, அஞ்சு யார்டு வேணும். ஜார்விஸ் கிரீனும் ரிச்சர்ட் சீமோரும் ஈலையோட ஜெர்சிய பின்னாடி கொத்தா புடிச்சு இழுக்குறாங்க, துணி நீளுது, மனுஷன் எப்படியோ உருவிக்கிட்டு பின்னாடி ஓடி வந்து நடு மைதானத்துக்கு தூக்கி எறியறாரு. டைரி எகிறி புடிச்சு, ரெண்டு கையில ஒண்ணு நழுவ, ஒரே கையால பந்த ஹெல்மெட்டோட அழுத்தி வச்சுக்கிட்டு, ராட்னி ஹாரிசன் அந்தக் கைய புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்க, முதுகு தரையில பட்டும் பந்த தரையில படவிடல. 32 யார்டு. அதுக்கப்புறம் 35 செகண்டு இருக்கும்போது பிளாக்ஸிகோ பர்ரஸ் கையில டச்டவுன், 17-14.

அந்த கேட்ச் லக்குதான், நான் மறுக்கல, டைரி அந்த ரெகுலர் சீசன் முழுக்க நாலே நாலு பந்துதான் புடிச்சிருந்தாரு, அதுக்கப்புறம் என்எஃப்எல்ல இன்னொரு பந்து புடிக்கவே இல்ல. ஆனா ஒரு பிளேய ரெண்டா பிரிச்சுப் பாக்கணும். ஜெர்சிய உருவிக்கிட்டு வந்து கண்ண மேல தூக்கி ஆளத் தேடுனது ஈலையோட வேலை. ஹெல்மெட்ல ஒட்டுனதுக்கு அவரு பொறுப்பில்ல. முழு பிளேயையும் ஒரே மூட்டையா கட்டி லக்குன்னோ தில்லுன்னோ லேபிள் ஒட்டுறதுதான் தப்பு. இன்னும் சொல்லப்போனா அதுக்கு முந்தின பிளேல அவரு எறிஞ்ச பந்து பேட்ரியட்ஸோட அசான்டே சாமுவேல் எகிறி கை விரல்ல பட்டு நழுவிப் போச்சு, அத புடிச்சிருந்தா மேட்சே அங்க முடிஞ்சது. ஜயன்ட்ஸ் ரசிகரா நான் ஹெல்மெட் கேட்ச பத்தி மட்டும் பேசுவேன், இத சொல்லவே மாட்டேன், இன்னைக்குத்தான் சொல்றேன்.

லக்குக்கு கணக்கு எழுதுறவன் ரெண்டு பக்கமும் எழுதணும். நம்ம டீம் மேல விழுந்த லக்க உழைப்புன்னும் எதிரி மேல விழுந்த உழைப்ப லக்குன்னும் எழுதுறது எல்லா ஊரு ரசிகருக்கும் உள்ள வியாதி. என் ஃப்ரெண்டு கிட்ட 2002 ஜனவரி 19 பத்தி கேட்டுப் பாருங்க. பனி கொட்டுது, ரெய்டர்ஸ் முன்னாடி இருக்காங்க, சார்ல்ஸ் உட்சன் வந்து இடிச்சு பிராடி கையிலருந்து பந்து விழுந்து ரெய்டர்ஸ் மேல விழுந்து அமுக்கிட்டாங்க, மேட்ச் முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, ரெஃபரி வால்ட் கோல்மன் ரீப்ளே பாத்துட்டு அது பந்த கைவிட்ட ஃபம்பிள் இல்ல, கை முன்னாடி வந்ததால யாரும் புடிக்காத இன்கம்ப்ளீட் பாஸ்னு சொல்லிட்டாரு, பந்து பேட்ரியட்ஸ்கிட்டயே இருந்துச்சு, அதுதான் டக் ரூல். பேட்ரியட்ஸ் 16-13ன்னு ஓவர்டைம்ல ஜெயிச்சு அங்கருந்து முதல் சூப்பர் பவுல் வரைக்கும் போனாங்க. "ரூல் ரூல்தான் மச்சான்"ம்பான். 2013ல அந்த ரூலயே தூக்கிட்டாங்க, அத சொன்னா ஃபோன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுவான். ஆனா நியாயமா பாத்தா அந்தப் பனியில ஆடம் வினாட்டியேரி 45 யார்டுலருந்து அடிச்சு சமன் பண்ணது லக்கு இல்ல, ரூல் அவருக்கு ஒரு வாய்ப்ப குடுத்துச்சு, அவ்ளோதான்.

ஃபம்பிள் ஆன பந்து யாருகிட்ட போகும்ங்கிறது பல வருஷம் சேத்துப் பாத்தா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான், பந்தோட வடிவம் அப்படி, எந்தப் பக்கம் துள்ளும்னு அதுக்கே தெரியாது. பந்த தட்டிவிடுறது திறமை, விழுந்த பந்து நம்ம காலடிக்கு வர்றது லக்கு. 2012 சூப்பர் பவுல்ல ஜயன்ட்ஸ் மூணு ஃபம்பிள் விட்டாங்க, ஒண்ணு கூட பேட்ரியட்ஸுக்குப் போகல, ரெண்டு ஜயன்ட்ஸ் ஆளுங்க மேலயே விழுந்துச்சு, மூணாவது பேட்ரியட்ஸ் மைதானத்துல 12 பேர நிறுத்தி வச்சிருந்ததால கணக்குலயே வரல. 21-17. மூணுல ஒண்ணு திரும்பியிருந்தா ஈலைக்கு ஒரு மோதிரந்தான்.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சான் பிரான்சிஸ்கோல நடந்த மேட்ச்தான் எனக்கு இந்த மொத்த சண்டைக்கும் பதில் மாதிரி தெரியும். மழை, சேறு, ஈலை 58 தடவ எறிஞ்சாரு, 6 தடவ சாக், ஒவ்வொரு தடவையும் ஜெர்சில மண்ணோட எந்திரிச்சு, ஹெல்மெட்ட சரி பண்ணிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப போய் நிப்பாரு. தில்லுன்னா நான் அன்னைக்கு பாத்ததுதான். ஆனா ஜெயிச்சது எதனால? காயத்துல இருந்த டெட் கின்னுக்குப் பதிலா பந்து புடிக்க வந்த சான் பிரான்சிஸ்கோ ஆளு கைல் வில்லியம்ஸ், ஒரு பன்ட், அதாவது ஜயன்ட்ஸ் உதைச்சு அனுப்புன பந்து, அவரு முட்டிய உரசிட்டுப் போச்சு, ஓவர்டைம்ல இன்னொன்ன கையிலருந்து விட்டாரு, ரெண்டையும் ஜயன்ட்ஸோட டெவின் தாமஸ் அமுக்குனாரு. 20-17. அந்த 6 சாக்க தாங்கலன்னா ஓவர்டைமே வந்திருக்காது, அந்த முட்டி உரசல் இல்லன்னா தாங்குனதுக்கு பலனும் இருந்திருக்காது. இதுல எது பெருசுன்னு கேக்குறவங்களுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

தலையில அடிபட்டத தில்லு கணக்குல சேக்குறத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. 2022 செப்டம்பர் 25, மயாமி குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா விழுந்து எந்திரிச்சு தள்ளாடி திரும்ப விழுந்தாரு, அப்பவும் அதே மேட்ச்ல திரும்பி வந்து ஆடுனாரு, கைதட்டுனாங்க. நாலே நாள்ல அடுத்த மேட்ச்ல ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறந்தான் இப்படி தள்ளாடுனா அன்னைக்கு ஆட்டம் கிடையாதுன்னு ரூல மாத்துனாங்க.

ஆண்ட்ரூ லக்குன்னு ஒரு குவார்ட்டர்பேக், பேருலயே லக்கு, உடம்புல கொஞ்சமும் இல்ல, கிட்னி கிழிஞ்சு, தோள்பட்டை போயி, கடைசியா கால். 2019 ஆகஸ்ட்ல 29 வயசுல போதும்னு முடிவு பண்ணாரு, விஷயம் மேட்ச் நடக்கும்போதே வெளிய கசிஞ்சு, மைதானத்தவிட்டு நடந்து போறவர இண்டியானாபொலிஸ் ரசிகருங்களே கூ போட்டு அனுப்புனாங்க. கிட்னி கிழிஞ்சவர டிக்கெட் வாங்குனவன் கூ போட்டான், இதுக்கு மேல நான் என்னத்த எழுத.

இன்னொன்னு, ஜெயிச்ச டீம் குவார்ட்டர்பேக் நல்லா ஆடுனாருன்னு தானா நெனச்சுக்கிறது. 2006 சூப்பர் பவுல்ல பென் ராத்லிஸ்பெர்கர் 21ல 9 பாஸ்தான் சேத்தாரு, 123 யார்டு, ரெண்டு இன்டர்செப்ஷன், ஸ்டீலர்ஸ் 21-10ன்னு ஜெயிச்சாங்க. அன்னைக்கு ஸ்டீலர்ஸுக்கு டச்டவுன் பாஸ் எறிஞ்சதே பந்து புடிக்க வேண்டிய ஒரு ரிசீவர்தான்.

ஈலையோட ரெகுலர் சீசன் கணக்கு என்ன தெரியுமா, 117 வெற்றி, 117 தோல்வி. அதுக்கப்புறம் வர்ற நாக்-அவுட் மேட்சுங்க, பிளேஆஃப்ல 8 ஜெயிச்சாரு, எட்டும் அந்த ரெண்டு சீசன்ல வந்தது, மத்த நாலு தடவ போனப்பவும் முதல் மேட்சுலயே வெளிய. 2025ல ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுக்கு முதல் தடவ வந்தப்ப கிடைக்கல. நானும் என் ஃப்ரெண்டும் அத வச்சு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சண்டை போட்டோம், கடைசில அவன் ஹெல்மெட் கேட்ச் வீடியோவ போட்டு, ஈலை ஜெர்சி நீளுற எடத்துல நிறுத்தி, ஸ்க்ரீன்ல விரல வச்சு, "இங்க பாரு, உங்காளு எங்காள புடிச்சு நிறுத்துறான், ஹோல்டிங்கு, ரெஃபரி பாக்கவே இல்ல"ன்னான். பதினெட்டு வருஷமா அதே எடத்துலதான் நிறுத்துறான்.