சிட்னியில் நாயோடு வெளியே சாப்பிடப் போகிறீர்களா?

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் நாய் வளர்க்கும் நம் ஆட்கள் பலர், அதை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் காபி குடிக்கப் போகிறார்கள். தேவையே இல்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, கடைக்கு வெளியே திறந்தவெளியில் போட்டிருக்கும் மேசைகளுக்கு நாயைக் கூட்டிப் போகலாம். கடைக்காரர் சம்மதிக்க வேண்டும், சில விதிகளையும் கடைப்பிடிக்க வேண்டும்.

போன் பண்ணும்போது "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கடைக்குள் நுழையாமல் வெளி மேசைக்கு வர வழி இருக்கிறதா?" என்று கேளுங்கள். உள்ளே போய்த்தான் பின்கட்டு மேசைக்கு வர முடியும் என்றால் நாய்க்கு அங்கே இடமில்லை.

நாய் தரையில்தான் இருக்க வேண்டும். மடியிலும் நாற்காலியிலும் கூடாது. கயிறு கட்டாயம். அதை நாற்காலிக் காலில் கட்டாதீர்கள். நாய் சட்டென்று எழுந்தால் லேசான அலுமினிய நாற்காலி தடதடவென்று பின்னாலேயே இழுபட்டு வரும், அது இன்னும் மிரண்டு ஓடும். உங்கள் காலடியில் கயிற்றை மிதித்துக்கொள்வதே நல்லது.

அங்கே நாய்க்குச் சாப்பாடு கொடுக்கவும் சட்டம் விடாது. நம் வடையிலும் குருமாவிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதால், எனக்கு இது மிகச் சரியான விதியாகவே படுகிறது. வீட்டிலேயே வயிறு நிறையப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பார்சல் வாங்கிப் பூங்காவில் உட்காரலாம் என்றால் கவனம்: அங்குள்ள பார்பிக்யூ அடுப்பு, சாப்பாட்டு மேசைகளிலிருந்து 10 மீட்டருக்குள் நாய் வரக்கூடாது. தள்ளிப்போய்ப் புல்லில் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.