வெங்காய வேரில் புதுச் செல் சுவர் எழும்புவதைப் பார்ப்பது எப்படி

வெங்காய வேரில் மைட்டாசிஸ் என்ற செல் பகுப்பைப் பார்க்கும்போது, குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் மெட்டாஃபேஸ், இரு பக்கமும் பிரிந்து போகும் அனாஃபேஸ் கண்ணில் பட்டதும் படம் வரைந்து நோட்டை மூடிவிடுவதுதான் பலர் வழக்கம். எனக்குப் பிடித்ததோ அதற்கடுத்த கட்டம், அதாவது நடுவில் புதுச் சுவர் எழும்புவது. அதைக் குறிவைத்துத்தான் இந்தச் செய்முறை.

வெங்காயத்தின் அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி கிளாஸ் மேல் வையுங்கள். சில நாளில் 1 முதல் 2 செ.மீ. வேர் வந்துவிடும். காலையில் நுனிகளை வெட்டி, மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வைத்தால், எந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும்.

அப்புறம் 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில், 5 முதல் 10 நிமிடம் (கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு). செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் பசையை இந்த அமிலம்தான் இளக்குகிறது. நேரம் கூடினால் வேர் கூழாகிவிடும், குறைந்தால் செல்கள் பிரியாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். கழுவிவிட்டு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் போடுங்கள். நன்றாகச் சிவந்த நுனியில் 1, 2 மி.மீ. போதும், மீதியை வெட்டி எறியுங்கள். நான் முதல் தடவை ஆசைப்பட்டு நீளமாக வைத்து, பகுப்பே நடக்காத நீண்ட செல்களை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்! நுனியை ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப் (மெல்லிய மூடுகண்ணாடி) போட்டு, ஒற்றுத்தாள் வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள், நழுவவிடாதீர்கள்.

சரி, இப்போது 400 மடங்கில் டீலோஃபேஸில், அதாவது பகுப்பின் கடைசிக் கட்டத்தில் உள்ள செல்லைத் தேடுங்கள். இரு கோடியிலும் சிவப்புத் திட்டு (குரோமோசோம் கூட்டம்), நடுவில் வெளிறிய இடம், அதில் மெல்லிய கோடு. சாயம் அந்தக் கோட்டை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால் மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஐரிஸைக் கொஞ்சம் மூடினால்தான் தெரியும்.

அந்தக் கோடுதான் செல் தட்டு. விலங்குச் செல் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போல வெளியிலிருந்து உள்ளே குறுகிப் பிரியும், விறைப்பான சுவருக்குள் இருக்கும் தாவரச் செல்லுக்கு அந்த வழி இல்லை. அதனால் ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற நுண்குழல் கூட்டம் தண்டவாளம் போல அமைய, செல்லுக்குள் பொருட்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் சேர்ந்து ஒன்றாகி, தட்டு வெளிப்பக்கமாக விரிகிறது. முதலில் கேலோஸ் என்ற தற்காலிகச் சுவர்ப்பொருள் நிறைய இருக்கும், பிறகு செல்லுலோஸ் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நடுவிலுள்ள பெக்டின் மைய அடுக்காகிறது, நீங்கள் அமிலத்தால் இளக்கினீர்களே, அதே பசை. முழுச்சுவர் என்றும் சொல்ல முடியாது, இரு செல்லும் பேசிக்கொள்ள பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்துளைகள் நடுவே விடப்படுகின்றன.

தட்டு பழைய சுவரில் எங்கே போய் ஒட்ட வேண்டும் என்பதும் பெரும்பாலும் பகுப்புக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தைச் சுற்றி நுண்குழல்கள் பட்டைபோல் கூடி நின்று மறைவதை 1966இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்ற இரு ஆய்வாளர்கள் கோதுமையில் கண்டார்கள். நம் மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது.

ஸ்லைடில் இருப்பது உயிரற்ற செல்கள்தான், எதுவும் நகராது. ஆகவே குட்டைக் கோடு, நீண்ட கோடு, பக்கச் சுவரைத் தொட்ட கோடு என மூன்று செல்லையாவது தேடிப்பிடித்து, அந்த வரிசையிலேயே வரையுங்கள்.