கணக்கு மென்பொருளை எப்போது புதுப்பிப்பது?

“அக்கா, புது வெர்ஷன் வந்திருக்கே, போட்டுடலாமா?” என்று தம்பி கேட்பான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இப்போ இருக்கறதுல எந்த வேலை நடக்கலை?” பதில் இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் பழையதே ஓடட்டும்.

எங்கள் வீட்டு வரவு செலவு, அம்மாவின் ஃபேமிலி பென்ஷன், தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தின் வட்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாமே குனுகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளில்தான் இருக்கின்றன. இந்தக் கணக்கை நம்பித்தான் அம்மாவுக்கு வரி கட்டுகிறோம். அதனால் புதுப்பிக்கும் விஷயத்தில் நான் அவசரப்படுவதே இல்லை. கீழே சொல்வது குனுகேஷை வைத்து என்றாலும் வேறு மென்பொருளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், புதுப்பிக்கத் தகுந்த காரணங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி ஃபைலாக (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) இறக்கி அப்படியே கணக்கில் ஏற்றுவது இன்று அவசியமாகிவிட்டது. பால், காய்கறி, ஆட்டோ என்று எல்லாம் யுபிஐயில் போகும்போது அவ்வளவு வரிகளையும் கையால் அடிக்க முடியாது. 2018 ஏப்ரலில் வந்த குனுகேஷ் 3.0 பதிப்பில் இந்த சிஎஸ்வி பகுதியைப் புதிதாகவே எழுதியிருந்தார்கள். அது மாறத் தகுந்த காரணம். 2023 மார்ச்சில் வந்த 5.0-ல் பங்கு, ஃபண்ட் பரிவர்த்தனைகளைப் படிப்படியாகக் கேட்டுப் பதிய ஒரு உதவியாளர் வசதி சேர்ந்தது. ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல காரணம். சேமிப்புக் கணக்கும் வீட்டுச் செலவும் மட்டும் எழுதுபவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

ஃபண்ட் யூனிட்டின் அன்றாட விலையான என்ஏவி தானாக வருவது நின்றுபோனால் பலர் உடனே மென்பொருளையே மாற்றப் பார்க்கிறார்கள். சற்றுப் பொறுங்கள். குனுகேஷ் விலையைத் தானே எடுப்பதில்லை. ஃபைனான்ஸ் க்வோட் (Finance::Quote) என்ற தனித் துணை நிரல்தான் எடுத்துத் தருகிறது. 2017 நவம்பரில் யாஹூ தன் பழைய விலைச் சேவையை நிறுத்தியபோது பலருக்கு விலை வராமல் போனது இதனால்தான். முதலில் அந்தத் துணை நிரலை மட்டும் புதுப்பித்துப் பாருங்கள். கணக்கு ஃபைலைத் தொடவே வேண்டியிருக்காது.

வரி விகிதம் மாறியதற்காகப் புதுப்பிக்க வேண்டாம். 2024 ஜூலை 23 முதல் பங்கு சார்ந்த ஃபண்டுகளின் நீண்டகால ஆதாய வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆனது. அந்த ஆண்டுக் கணக்கில் அந்தத் தேதிக்கு முன் விற்றது, பின் விற்றது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்பிலேயே ரிப்போர்ட்டின் தேதிகளை மாற்றி இரண்டு முறை எடுத்தால் வேலை முடிந்தது.

கம்ப்யூட்டரையே மாற்றும்போது கவனம் தேவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலர் புது மெஷினுக்குப் போகிறார்கள். மெஷினையும் கணக்கு மென்பொருளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முடிந்தால் புது மெஷினில் முதலில் அதே பழைய பதிப்பைப் போட்டு, கூட்டுத்தொகைகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் புதுப்பியுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றி எங்கோ தொகை இடித்தால் எதனால் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

காலம் என்று பார்த்தால் எனக்கு ஆகஸ்ட்தான். மார்ச் 31-ல் ஆண்டு முடிகிறது, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. இடைப்பட்ட மாதங்களில் அந்த ஃபைலை நான் அசைக்க விடுவதில்லை. 5.0 வந்ததே மார்ச் கடைசியில். ஆகஸ்ட் வரை பொறுத்ததில் அதன் திருத்தப் பதிப்புகளும் வந்துவிட்டன. புள்ளிக்குப் பின் பூஜ்யம் உள்ள எந்தப் பதிப்பையும் நான் வீட்டுக் கணக்குக்குப் பயன்படுத்துவதில்லை.

இனி செய்முறை. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கலாம்; தனக்குத் தெரியாத அம்சங்கள் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிடும். ஆகவே நகல் எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். குனுகேஷ் தானே எடுக்கும் நகல்களை நம்பிவிடக் கூடாது. வேறு அமைப்பு செய்யாவிட்டால் 30 நாளுக்கு மேல் பழையவற்றை அதுவே அழித்துவிடும். நான் பென் டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு, கணக்கு ஃபைலையும் பழைய பதிப்பின் இன்ஸ்டாலரையும் சேர்த்தே வைக்கிறேன்.

அடுத்து, பழைய பதிப்பில் டிரையல் பேலன்ஸ், அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல், எடுங்கள்: போன மார்ச் 31 தேதிக்கு ஒன்று, இன்றைய தேதிக்கு ஒன்று. காகிதத்தில் அச்சிட்டுக்கொள்வது நல்லது. புதிய பதிப்பில் நகலைத் திறந்து அதே இரண்டையும் எடுத்து, பேனாவால் வரிவரியாக டிக் அடித்துக்கொண்டே போங்கள். வங்கி இருப்பு, ரொக்கம், கடன் மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஃபண்ட் வரியில் ரூபாய் மாறினால் உடனே பயந்துவிட வேண்டாம். எந்தத் தேதி விலையை எடுப்பது என்ற ரிப்போர்ட் அமைப்பு மாறியிருந்தாலே தொகை மாறும். அங்கே யூனிட்டைப் பாருங்கள். அம்மாவின் ஃபண்டில் 412.637 யூனிட் என்றால் புதியதிலும் அந்த மூன்று தசம இலக்கமும் அப்படியே இருக்க வேண்டும்.

மிகப் பழைய பதிப்பிலிருந்து வருபவர்கள், உதாரணமாக 2.6-லிருந்து 5-க்கு, ஒரே தாவலாகத் தாவாமல் 3, 4 ஆகியவற்றின் கடைசி வெளியீடுகள் வழியாக வாருங்கள். ஒவ்வொரு படியிலும் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் ஆன்லைன் சேவையிலும் முடிவு நம் கையில் மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட் மணி விற்பனை 2009-ல் நின்றது. அமெரிக்காவில் பலர் பயன்படுத்திய மின்ட் என்ற ஆன்லைன் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. க்விக்கன் என்ற மென்பொருள் 2018 பதிப்பிலிருந்து சந்தா முறைக்குப் போனது. அப்படி ஒன்றில் கணக்கு வைத்திருந்தால், எந்தப் பதிப்பாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பரிவர்த்தனைகளையும் சிஎஸ்வியாக இறக்கி வையுங்கள். இறக்கும் வசதியையே எடுத்துவிடும் பதிப்பு வந்தால் அதற்கு மாறாதீர்கள்.

ஃபண்ட் விலையால் வரும் வித்தியாசம் தவிர, ஒப்பீட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் புதிய பதிப்பில் புதிதாக எதையும் பதியாதீர்கள். பழையதிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டு, இடிக்கும் கணக்கை மட்டும் திறந்து மாத இருப்புகளைப் பின்னோக்கி ஒப்பிட்டு வாருங்கள். எந்த மாதத்தில் பிரிகிறது என்பது தெரிந்தால் எந்தப் பதிவு என்பதும் தெரிந்துவிடும். எல்லாம் ஒத்துப்போனாலும் பென் டிரைவில் உள்ள பழைய நகலை அடுத்த ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வரை வைத்திருங்கள்.