ஊரில் ஆன்டிபயாடிக் பற்றிப் பேசப் போகிறீர்களா?

'நுண்ணுயிர் எதிர்ப்பிகள்' என்று பேச்சைத் தொடங்கினால் மகளிர் குழுக் கூட்டம் மரியாதையாகக் கேட்கும். ஆனால் ஒன்றும் மனதில் ஒட்டாது. அவர்கள் கடையில் கேட்பது "சளி, காய்ச்சலுக்கு ரெண்டு வேளை மாத்திரை". பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரைகள் வரும். எது பாராசிட்டமால், எது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் என்று வாங்கியவருக்குத் தெரியாது. அட்டையே கைக்கு வராதவரிடம் அட்டையைப் படிக்கச் சொல்லி என்ன பயன்? "இதில் ஆன்டிபயாடிக் எது?" என்று கடைக்காரரிடம் கேட்கப் பழக்குங்கள். சாதாரண சளிக்கு அது வேலையே செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை.

அட்டையில் சிவப்புக் கோடு போட்டதெல்லாம் ஆன்டிபயாடிக் என்று சுருக்கிவிடுவது ஆபத்தான தவறு. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. பிரஷர் மாத்திரை அட்டையிலும் அது இருக்கும். உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தினால்?

அப்புறம், "அடிக்கடி போட்டால் உடம்புக்குப் பழகிவிடும்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால், "நான் வருஷத்துக்கு ஒரு தடவைதானே போடுறேன்" என்று தப்பித்துக்கொள்வார்கள். மருந்துக்கு மசியாத கிருமி, மாத்திரையே போடாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும்.

"மாத்திரையை முழுசாகச் சாப்பிடுங்கள்" என்பதும் அரைகுறைப் பேச்சுதான். மருத்துவர் சொன்ன நாள் கணக்கு ஆன்டிபயாடிக்குக்கு. காய்ச்சல் விட்டபின் பாராசிட்டமாலைத் தொடர வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான பொடி சிரப்பைச் செய்தே காட்டுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கிய அமாக்சிசிலின் சிரப்பை பொதுவாக 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்த பாட்டில் பல வீடுகளில் உண்டு. எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள்.

மாட்டைப் பற்றிப் பேச நாம் மறந்துவிடுகிறோம். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, கன்றுக்கும் விடக் கூடாது. இதைச் சொன்னதும் "அத்தனை நாள் பால் காசுக்கு என்ன பண்றது?" என்று கேட்பார்கள். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டம் அங்கேதான் வாய் திறக்கும். அந்தப் பேச்சுக்கு நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.