பூக்கும் மல்லிகையில் மொட்டுப்புழு: இயற்கை முறையில் அடக்க

மார்ச்சில் குண்டுமல்லி மொட்டு வைத்ததுமே மொட்டுப்புழுவும் வந்துவிடும். மொட்டைத் துளைத்து உள்ளே போய்விட்ட புழுவை எந்தக் கரைசலும் தொடாது. அதனால் அரும்பு பச்சையாக, மிளகு அளவில் இருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

முதலில் பூச்சி எது என்று பாருங்கள். மொட்டில் வட்ட ஓட்டை, ஊதா நிறம், பக்கத்து மொட்டுகளைச் சேர்த்துப் பின்னிய நூல் என்றால் மொட்டுப்புழு. அடிப்பக்கம் வீங்கி, வளராமல் சிவந்து காய்ந்தால் மொட்டு ஈ.

தெளிக்க வேண்டியது வேப்பம்பருப்புக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு அரை கிலோ. 3 முதல் 8 மாதம் வரை நிழலில் இருப்பு வைத்த பருப்பாக இருக்கட்டும்; பூசணம் பிடித்தது உதவாது. இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பால் நிறம் போகும்வரை முடிச்சைப் பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்குங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். ஆகவே மாலை 4 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

வேப்பெண்ணெய் சுலபம்தான், ஆனால் வாடை பூவில் ஏறும். வியாபாரி முகம் சுளிப்பார். பூ குறையும் இடைவெளிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிப்பைவிடப் பெரிய வேலை கெட்ட மொட்டைப் பொறுக்குவது. கெட்ட மொட்டைச் செடியடியில் உதறிவிட்டுப் போவதுதான் பலரும் செய்யும் தப்பு. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். புழு வெந்து செத்துவிடும். மொட்டு ஈ மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. அதற்குச் செடியடியை லேசாகக் கொத்தி, கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு போட்டுக் கிளறுங்கள்.

கோடையில் இலை வெளுத்து அடியில் நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன் என்ற சிலந்திப்பேன். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த பிறகு அடியுங்கள். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும்.