"அமெரிக்கா ரிபப்ளிக், டெமாக்ரசி இல்ல"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா எப்படி பேசுறது

எங்க பெரியப்பா பையன் டெக்ஸஸ்ல இருக்கான். போன தடவ லீவுக்கு வந்தப்ப இலைல உக்காந்த உடனே "அமெரிக்கா டெமாக்ரசியே கிடையாதுடா, அது கான்ஸ்டிட்யூஷனல் ரிபப்ளிக்"னு ஆரம்பிச்சான், பாயசம் வந்தும் விடல. எனக்கு அன்னிக்கு வாயே வரல. அப்புறமா கொஞ்சம் படிச்சுப் பாத்ததுல பேசுறதுக்கு ஒரு வழி கெடச்சுது, யாருக்காவது யூஸ் ஆகட்டும்னு எழுதுறேன்.

முதல்ல இந்த வார்த்தைங்கள தமிழ்ல வச்சு யோசிக்காதீங்க. குடியரசுன்னா குடிகளோட அரசு, மக்களாட்சின்னா மக்களோட ஆட்சி, ரெண்டும் ஒண்ணு மாதிரியே கேக்குதா, அங்கயே பாதி பேர் குழம்பிடுறோம். அதனால கேள்வியா மாத்திக்கோங்க. ரிபப்ளிக்கான்னா, நாட்டோட தலைவர் பரம்பரையா வர்ற ராஜாவா, இல்லையா? டெமாக்ரசியான்னா, ஆள்றவங்கள ஜனங்க ஓட்டுப் போட்டு உக்கார வைக்கவும் எறக்கவும் முடியுமா? கான்ஸ்டிட்யூஷனலான்னா, ஜெயிச்சு வந்தவங்களையும் கட்டிப்போடுற சட்டம் ஒண்ணு இருக்கா? மூணும் வேற வேற கேள்வி, ஒண்ணுக்கு ஆமான்னா இன்னொண்ணுக்கு இல்லன்னு ஆகாது.

இத நாலு நாட்டுல போட்டுப் பாருங்க. பிரிட்டனும் ஜப்பானும் டெமாக்ரசி, ஆனா ரிபப்ளிக் இல்ல. சீனா ரிபப்ளிக், டெமாக்ரசி இல்ல. வடகொரியா பேர்லயே ரெண்டு வார்த்தையையும் ஒட்டி வச்சுக்கிட்டு தாத்தா, அப்பா, பையன்னு மூணு தலைமுறையா ஓட்டிக்கிட்டு இருக்கு, அத என்ன சொல்றது. நம்ம அரசியல் சட்டத்தோட முகப்புரைய எடுங்க, ஜனநாயகக் குடியரசுன்னு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா ரெண்டையும் எழுதியிருக்க வேண்டாம், ஒண்ணுக்கொண்ணு எதிரின்னா சேத்து எழுதியிருக்க முடியாது.

அடுத்து அவங்க, அமெரிக்க அரசியல் சட்டத்த உருவாக்குனவங்கள்ல முக்கியமானவரான மேடிசனை எடுப்பாங்க. மறுக்காதீங்க, மறுத்தா மாட்டிக்குவீங்க, ஏன்னா அது நெஜம். அந்தச் சட்டத்துக்கு ஆதரவா வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைங்கள்ல, 1787 நவம்பர்ல வந்த 10ஆம் கட்டுரைல டெமாக்ரசி வேற, ரிபப்ளிக் வேறன்னு மேடிசனே பிரிச்சுதான் எழுதியிருக்காரு. அமெரிக்க அரசியல் சட்டத்துலயும் டெமாக்ரசிங்கிற வார்த்தை எங்கயும் கிடையாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ரிபப்ளிக் முறை ஆட்சிக்கு உத்தரவாதம்னு 4ஆவது ஆர்ட்டிகிள்ல இருக்கு, அவ்ளோதான். ஆனா மேடிசன் டெமாக்ரசின்னு சொன்னது எத? கொஞ்சப் பேரு ஒரே எடத்துல கூடி நேரடியா ஆட்சி நடத்துறத. பிரதிநிதிய அனுப்பி ஆள்றதத்தான் ரிபப்ளிக்னாரு. அந்தக் கணக்குல பாத்தா இன்னிக்கு எந்த நாடும் டெமாக்ரசி இல்ல, சுவிட்சர்லாந்துல கிளாரஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு மாநிலத்துல மட்டும் மைதானத்துல கூடி கை தூக்கி ஓட்டுப் போடுறாங்க. அதுவும் இல்லாம, மேடிசனோட சேந்து அந்தக் கட்டுரைங்கள எழுதுன ஹாமில்டன் 1777லயே ஒரு லெட்டர்ல "ரெப்ரசன்டேட்டிவ் டெமாக்ரசி"ன்னு எழுதிட்டாரு, அப்பவே வார்த்தை ஒரே அர்த்தத்துல நிக்கல.

இதுக்கப்புறம்தான் முக்கியமான கேள்வி. "சரி, எத காப்பாத்துறதுக்காக இத சொல்ற?"ன்னு சாந்தமா கேளுங்க. முக்காவாசி நேரம் செனட் (அவங்க நாடாளுமன்றத்தோட மேல்சபை) இல்லன்னா எலக்டோரல் காலேஜ்ல (ஜனங்க ஓட்ட நாடு முழுக்க மொத்தமா எண்ணாம, மாநில வாரியா தேர்வாளர்கள வச்சு ஜனாதிபதிய தேர்ந்தெடுக்கிற முறை) வந்து நிக்கும். ஆறு லட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் ரெண்டு செனட்டர், நாலு கோடிய நெருங்குற கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டு. 2016ல ஹிலாரிக்கு 28 லட்சம் ஓட்டுக்கு மேல அதிகம், ஜெயிச்சது டிரம்ப், 2000லயும் அதிக ஓட்டு வாங்குன அல் கோர் தோத்தாரு. இத ஆதரிக்கலாம், சின்ன மாநிலத்துக்கும் ஒரு பிடி வேணும்னு வாதாடலாம், அது நல்ல வாதம்தான். ஆனா "நாங்க ரிபப்ளிக்"ங்கிறது அதுக்கு பதில் இல்ல, ஃப்ரான்ஸும் ரிபப்ளிக்தான், அங்க ஜனங்க போடுற ஓட்ட நேரா எண்ணித்தான் ஜனாதிபதி வர்றாரு.

நீங்களும் ஒரு எடத்துல வழுக்கிடாதீங்க. மெஜாரிட்டி சொன்னா அதோட முடிஞ்சுதுன்னு பேசுனா அடுத்த நிமிஷம் உங்கள மடக்கிடுவாங்க. 1943ல கொடிக்கு சல்யூட் அடிக்கச் சொல்லி ஸ்கூல் பிள்ளைங்கள கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, எத்தன பேர் அந்தப் பக்கம் இருந்தாலும் அது ஓட்டுக்கு விடுற விஷயம் இல்ல. (கிட்டத்தட்ட இதே மாதிரி கேரளாவுல தேசிய கீதம் பாடாத பிள்ளைங்கள ஸ்கூல விட்டு அனுப்புன கேஸ்ல, 1986ல நம்ம சுப்ரீம் கோர்ட்டும் பிள்ளைங்க பக்கம்தான் நின்னுச்சு.) ரிபப்ளிக்னு அடம்பிடிக்கிறவங்க நெஜமாவே மதிக்கிறது இதத்தான்னா, அவங்க சொல்றது கான்ஸ்டிட்யூஷனல்ங்கிற வார்த்தைய, அத ஒத்துக்கோங்க.

என்ன கேட்டா டெமாக்ரசியா இல்லையாங்கிறத விட எப்போலருந்துன்னு கேக்குறதுதான் சரி. ரிபப்ளிக் ஆரம்பத்துலயே ஆயிடுச்சு, அப்போ அடிமைங்களும் இருந்தாங்க. செனட்டரையே ஜனங்க நேரடியா தேர்ந்தெடுக்கிறது 1913ல வந்த திருத்தத்துக்கு அப்புறம்தான் நாடு முழுக்க சட்டமாச்சு. பொம்பளைங்களுக்கு ஓட்டு கெடையாதுன்னு சொல்ல முடியாம ஆனது 1920ல. கறுப்பினத்தவங்களுக்கு 1870லயே எழுத்துல வந்த உரிமை தெக்கு மாநிலங்கள்ல நெசமா கைக்கு வர 1965ல வந்த ஓட்டுரிமைச் சட்டம் வேண்டியிருந்துச்சு. அதனால நான் 1965க்கு அப்புறம்தான் முழுசா டெமாக்ரசின்னு சொல்லுவேன், அதுக்கு முன்னாடி வேணும்னா அண்ணன் சொல்றது சரின்னு வச்சுக்கலாம். இத அவன்கிட்ட போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் எலக்டோரல் காலேஜ மறுபடி ஆரம்பிச்சுட்டான்.